கத்தி பட்டால் பரவுமா? மதுரை அறுவைச் சிகிச்சை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். பெரியாஸ்பத்திரியில் கத்தி பிடிக்கிறவர்கள், பாலரெங்காபுரம் புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிகளைப் பார்க்கிறவர்கள், மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம் வரை தனியார் மருத்துவமனைகளில் கட்டி எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். மருத்துவம் படித்தவன் இல்லை. பெற்ற தாயைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவன்.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஓ.பி.யில் உங்கள் காதிலும் தினமும் விழும். "கத்தி பட்டா பரவிரும்." அம்மாவுக்குக் கன்னத்தில் கட்டி என்று தெரிந்ததும் சின்னம்மா இதைத்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஆரப்பாளையம் போகிற பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், அம்மாவின் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆப்பரேசனுக்கு மட்டும் ஒத்துக்கிடாதீக தாயி" என்றார். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. படித்த பிள்ளை நான் இருக்கிறேன், அறுவைதான் வழி என்று அம்மாவைச் சமாதானம் செய்து கூட்டிப் போனேன்.

அந்த முடிவு சரிதான். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்தப் பேச்சை வெறும் அறியாமை என்று ஒதுக்கியது தவறு என்று இப்போது நினைக்கிறேன். அதற்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. உலகத்தில் உங்களைப் போன்ற சில அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் அந்தக் கேள்வியைத்தான் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். மதுரையிலும் அது நடக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அம்மா கதையைச் சொல்லிவிடுகிறேன். வெத்தலை போயிலை போடுகிற பழக்கம் அம்மாவுக்கு நாற்பது வருஷமாக உண்டு. கீழ்த்தாடையில் உடைந்த கடைவாய்ப் பல் ஒன்று கன்னத்தை உரசிக்கொண்டே இருந்தது. "ஏய்யா, இந்தப் பல்லு குத்திக் குத்தித்தான் புண்ணு ஆற மாட்டேங்குது" என்பார். மாசிக்காயை உரைத்துத் தடவினார். மஞ்சள் வைத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் புண் அப்படியே கிடந்தது. கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் என்னிடம் காட்டினார்.

2018 ஐப்பசியில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் அறுவை நடந்தது. பெயர் வேண்டாம், யாரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. கன்னத்தையும் தாடையின் ஒரு பகுதியையும் கழுத்து நெறிகளையும் எடுத்து, நெஞ்சுச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். எட்டு மணி நேரம். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. கழுத்துத் தையல் ஓரத்தில் சிவந்து, தொட்டால் சுட்டது. ஏழாம் நாள் சீழ். பதினோரு நாள் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. பள்ளிக்கூடத்துக்காரன் பழக்கம், கையில் இருந்த மார்க் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் எழுதி வைத்தேன்: காலை 100.4, மாலை 101, ராத்திரி 102.2. புண் ஆறாததால் கதிர்வீச்சு தள்ளிப்போனது. ஆறு வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டியது பத்தாவது வாரத்தில்தான் ஆரம்பமானது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன அறுத்தார்கள், எத்தனை நெறி எடுத்தார்கள் எல்லாம் தெளிவாக இருந்தது. பதினோரு நாள் காய்ச்சலுக்கும் சீழுக்கும் சேர்த்து ஒரு வரி: "அறுவைக்குப் பின் உடல்நிலை சீராக இருந்தது."

அடுத்த புரட்டாசியில் நுரையீரலில் பரவியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. 2020 தை மாதம் அம்மா போய்விட்டார்.

சீழ் பிடித்ததால்தான் பரவியது என்று நான் சொல்லவில்லை. கதிர்வீச்சு தாமதமானது காரணமாக இருக்கலாம். கத்தி படுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். எது என்று யாராலும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவைப் போல நூறு பேர், ஆயிரம் பேர் கணக்கு ஒழுங்காக இருந்தால் ஏதோ சொல்ல முடியும் அல்லவா? அந்தக் கணக்கில் அம்மா "சீராக இருந்தவர்" பட்டியலில்தான் இருப்பார். என்னை உறுத்துவது அதுதான்.

அம்மா போன பிறகு ராத்திரிகளில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நீங்கள் அறிந்ததையே உங்களுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஓர் ஆசிரியர் இதை எப்படிப் புரிந்துகொண்டார் என்று பாருங்கள். இந்த மடலை வாசிக்கப்போகும் என் போன்றவர்களுக்கும் அது பயன்படும்.

சிவப்பு, சூடு, வீக்கம், வலி. அழற்சிக்கு ரோமானியர் காலத்திலேயே சொல்லிவைத்த நாலு அடையாளங்கள். எங்கள் ஊர்க் கிழவிகள் வேக்காடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலை அது. காயம் பட்டதும் வெள்ளை அணுக்கள் ஓடி வரும், கிருமியைக் கொல்லும், புதுச் சதை வளர ஏற்பாடு செய்யும், வேலை முடிந்ததும் கலைந்து போகும். கலையாமல் அங்கேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிட்டால்தான் வம்பு. 1863இலேயே ருடால்ஃப் விர்கோ என்ற ஜெர்மானிய மருத்துவர் புற்றுக்கட்டிக்குள் வெள்ளை அணுக்களைப் பார்த்துவிட்டு, நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றார். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் கிருமி, ஈரலில் மஞ்சள் காமாலை வைரஸ், தீக்காயம் ஆறாமல் கிடந்து இருபது முப்பது வருஷம் கழித்து அதே வடுவில் எழும் புற்று என்று இதற்கு நீங்கள் கண்ணால் கண்ட சாட்சிகளே நிறைய இருக்கும். 1986இல் அமெரிக்காவின் ஹெரால்ட் டுவோரக் ஒரு படி மேலே போய், புற்றுக்கட்டியே ஆறாத புண் மாதிரிதான் நடந்துகொள்கிறது என்று காட்டினார். அந்த இடத்தைப் படித்தபோது அம்மா குரல்தான் காதில் கேட்டது. புண்ணு ஆற மாட்டேங்குது.

இது புற்று தோன்றுவதைப் பற்றியது. பரவுவது வேறு கதை, ஆளைக் கொல்வதும் பெரும்பாலும் அதுதான். 1889இல் லண்டனில் ஸ்டீஃபன் பேஜட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணப்பரிசோதனைக் குறிப்புகளை உட்கார்ந்து படித்தார். ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது, ஆனால் புற்று சில உறுப்புகளில் மட்டும் திரும்பத் திரும்ப முளைக்கிறது. ஏன்? விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கொடுத்த விளக்கம். மானாவாரி விவசாயம் செய்கிற எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தூவின விதை முழுக்க முளைத்துவிடாது, ஈரம் நின்ற இடத்தில் முளைக்கும். பேஜட் அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வைத்திருக்கவில்லை. யாரோ ஒழுங்காக எழுதி வைத்த குறிப்புகள்தான் கருவி.

சரி, அந்த ஈரத்தைப் பாய்ச்சுவது எது? இங்கேதான் அழற்சி மறுபடி வருகிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவைப் பள்ளியில் ஒரு வரியில் நடத்திவிட்டுப் போவோம், கிருமியை விழுங்கும் என்று. அது இன்னொன்றும் செய்யும் என்று 2004இல் பெர்லினில் கண்டுபிடித்தார்கள். தன் டி.என்.ஏ.வையே இழை இழையாக வெளியே வீசி, வலை மாதிரி விரித்துக் கிருமியைச் சிக்க வைக்கிறது. மேலூர்ப் பக்கம் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழாவில் ஊரே இறங்கி வலை வீசுமே, அந்தக் காட்சிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. வலைக்கு இது கெளுத்தி, இது விரால் என்று தெரியாது. வந்தது சிக்கும்.

கனடாவில் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லொரென்சோ ஃபெரி என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் இருக்கிறார். உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுகளை அறுப்பவர். அறுவைக்குப் பிறகு கடுமையான தொற்று வந்தவர்களுக்குப் புற்று திரும்புவது ஏன் கூடுதலாக இருக்கிறது என்பது அவரைப் போன்றவர்கள் வார்டில் எதிர்கொள்ளும் கேள்வி. அந்தக் கேள்வியோடு அவரும் ஜொனாதன் கூல்ஸ்-லார்டிக்கும் குழுவினரும் எலிகளிடம் போனார்கள். எலியின் குடலில் துளையிட்டுத் தொற்று உண்டாக்கி, நுரையீரல் புற்றணுக்களை ரத்தத்தில் விட்டார்கள். கிருமிக்காக ஈரலில் விரிந்த வலையில் புற்றணுக்களும் சிக்கின. சிக்கியவை சாகவில்லை. அங்கேயே ஒட்டி, வேர் பிடித்துக் கட்டியாக வளர்ந்தன. டி.என்.ஏ.வைக் கரைக்கும் நொதியைக் கொடுத்து வலையை அறுத்தபோது பரவல் குறைந்தது. 2013இல் இது வெளியானது. தையலைப் பார்க்க வார்டுக்குப் போகிறவர் அங்கே கண்டதை விடாமல் பிடித்துக்கொண்டதால் கிடைத்த அறிவு இது.

2018இல் இன்னும் இரண்டு ஆய்வுகள் வந்தன. நியூயார்க் பக்கத்தில் மிகாலா எகெப்லாட் குழு, நுரையீரலில் தூங்கிக்கொண்டிருந்த புற்றணுக்கள் உள்ள எலிகளுக்குப் புகையிலைப் புகையைக் காட்டியது. நுரையீரலில் அழற்சி வந்தது, வலை விரிந்தது, வலையில் ஒட்டியிருந்த நொதிகள் சுற்றியிருந்த புரதத்தை நறுக்க, தூங்கிய அணுக்கள் விழித்துப் பெருகின. இன்னொன்று அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. எலியின் உடம்பில் ஓரிடத்தில் நோயெதிர்ப்புச் சக்தி அடக்கி வைத்திருந்த புற்றணுக்கள், வேறோர் இடத்தில் அறுவைக் காயம் ஏற்படுத்தியதும் வளர ஆரம்பித்தன. காயத்தால் உடம்பு முழுக்க வந்த அழற்சிதான் காரணம். அழற்சியைத் தணிக்கும் மருந்தை அந்தச் சமயத்தில் கொடுத்ததும் வளர்ச்சி குறைந்தது.

"கத்தி பட்டா பரவிரும்" என்ற அந்தப் பெரியவர் எதைப் பார்த்துச் சொன்னாரோ தெரியாது. ஊரில் அறுவைக்குப் போனவர்கள் சிலர் திரும்பி வந்து சீக்கிரம் இறந்ததைப் பார்த்திருப்பார். முற்றிய பிறகே போகிறோம் என்பதுதான் அதில் பெரும்பங்கு. ஆனாலும் எலியில் கண்டது, அந்தப் பேச்சுக்கு எட்டாத தூரத்தில் இல்லை.

இதைப் பொதுவில் எழுதவே எனக்கு ஒரு வாரம் தயக்கமாக இருந்தது. படித்துவிட்டு ஒரே ஒருவர், "பாத்தியா, வாத்தியாரே சொல்லிட்டார்" என்று அறுவையை மறுத்துவிட்டால் அந்தப் பாவம் என்னைச் சேரும். அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: எடுக்கக்கூடிய கட்டியை எடுக்காமல் விட்டால் அது நிச்சயம் வளரும். வாய்ப்புற்றுக்கு அறுவையைப் போல இன்னொரு வழி இல்லை. ஆய்வுகள் கேட்பது அறுக்கும் நாளையொட்டி உடம்பில் எழும் புயலை எப்படித் தணிப்பது என்பதைத்தான்.

அதற்கு இந்திய அறுவைச் சிகிச்சை மருத்துவர்களே ஒரு பதில் கொடுத்திருக்கிறார்கள், அதைக் கேட்டால் எனக்கு இன்றும் மனது நிறைகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமையில், நாட்டின் 11 மையங்களில், ஆரம்பக்கட்ட மார்பகப் புற்று வந்த சுமார் 1,600 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு, கத்தி வைப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் போட்டார்கள். பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரத்துப்போகும் ஊசிதான். ஐந்து வருஷம் கழித்து, ஊசி போட்டவர்களில் உயிரோடு இருந்தவர்கள் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4 சதவீதம். நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 86.6க்கு 82.6. நூற்றுக்கு நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவர் யார் வீட்டு அம்மாவோ. டீக்கடைக் காசுக்குக் கிடைக்கிற மருந்து. அங்கே அழற்சியைத்தான் அது தடுத்தது என்று சொல்ல முடியாது, கட்டியை அசைக்கும் நேரத்தில் புற்றணுக்களின் நடமாட்டத்தை அது மட்டுப்படுத்துகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் அறுக்கும் அந்த நேரம் முக்கியமானது என்பதை மனிதர்களிடமே காட்டிவிட்டது. கத்தி பட்டால் பரவும் என்கிறவருக்கு இதைவிட மரியாதையான பதில் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் இப்படிக் கைகூடுவதில்லை. மார்பகப் புற்று அறுவையின்போது போட்ட வலிநிவாரண ஊசி ஒன்று பழைய குறிப்புகளைப் பார்த்தபோது நம்பிக்கை தந்தது, முறையான சோதனையில் பலன் காட்டவில்லை. 3,020 பேரிடம் தினமும் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த மார்பகப் புற்று ஆய்வும் 2024இல் பலன் இல்லை என்றே முடிந்தது. குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள பெருங்குடல் புற்றில் மட்டும் ஆஸ்பிரின் நல்ல பலன் தந்திருக்கிறது. ஆகவே, படிக்கிற அன்பர்களே, மெடிக்கலில் போய்த் தானாக மாத்திரை வாங்காதீர்கள். ரத்தக்கசிவு வரலாம்.

இதையெல்லாம் மதுரையில் யார் செய்வது என்று கேட்பீர்கள். ஒரு சர்ஜன் காலையில் ஓ.பி., அப்புறம் ஆப்பரேசன் தியேட்டர், ராத்திரி அவசர கேஸ் என்று ஓடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அம்மாவுக்கு அறுவை செய்த டாக்டர் மறுநாள் காலை ஆறரை மணிக்கு வந்து காயத்து நீர் வடியும் டிரெயின் பாட்டிலைக் குனிந்து பார்த்தபோது அவர் கண் சிவந்திருந்தது. அவரிடம் போய் ஆராய்ச்சியும் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் கேட்கிறேன், இந்த மண்ணில் நடந்திருக்கிறது என்பதால்.

பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரை உள்ள கிராமத்துப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுக்கு ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகரில் உள்ள அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள், மாற்றம் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள், அவ்வளவுதான். அந்தப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாகி உலகமே எடுத்துக் காட்டும் ஆய்வு அது. நம் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சனங்களைப் போன்றவர்கள் கொடுத்த பதில் அது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியலை வளர்த்த பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன், அமெரிக்காவின் ஆயர்பாக் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, எலியின் கருவிழியில் புற்றுத் துணுக்கை வைத்து ரத்தக்குழாய் எப்படி அதை நோக்கி வளர்கிறது என்று காட்டியதை 1979இல் சயன்ஸ் இதழ் வெளியிட்டது.

டாக்டர் கோ. வெங்கடசாமியை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. முடக்குவாதம் விரல்களைத் திருகிப் போட்டது அவருக்கு. அதுவும் அழற்சி நோய்தான். அந்தக் கையோடு கத்தி பிடிக்கக் கற்று, மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறையை நடத்தி, ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஒவ்வோர் அறுவையும் எண்ணப்படுகிறது, அதற்குப் பின் வரும் சிக்கலும் எண்ணப்படுகிறது. கண்புரைக்குச் செய்ததைப் புற்றுக்கும் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

நான் கேட்பது பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. முதலில், எழுதி வையுங்கள். எத்தனை நாள் காய்ச்சல், சீழ் வந்ததா, எந்த ஆன்டிபயாடிக், ரத்தம் ஏற்றினார்களா, கதிர்வீச்சு எத்தனையாவது வாரம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஐந்து வரி. நீங்கள் எழுத நேரமில்லாவிட்டால் நர்ஸ் எழுதட்டும், பயிற்சி டாக்டர் எழுதட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் எடுக்கிற சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம், லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வெள்ளை அணு எத்தனை சதவீதம் என்று இருக்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் எண் பல புற்றுகளில் நோயின் போக்கோடு ஒத்துப்போகிறது என்று உலகெங்கும் எழுதியிருக்கிறார்கள். அதற்குத் தனிச் செலவே இல்லை, வகுத்தல் கணக்குதான். அம்மாவுக்கு அறுவைக்கு முன் 62க்கு 30, அதாவது இரண்டு. சீழ் வந்த நாளில் 88க்கு 7, பன்னிரண்டுக்கு மேல். மூன்று வாரம் கழித்தும் 81க்கு 12, ஏழுக்குக் கிட்டத்தட்ட. இறங்காமல் நின்ற அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டா இல்லையா என்று நூறு அம்மாக்களின் தாள் இருந்தால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

காமராசர் பல்கலையின் உயிரியல் துறைகளும் மருத்துவக் கல்லூரியும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் எலியும் நுண்ணோக்கியும் வைத்திருக்கும் மாணவர்கள், இன்னொரு பக்கம் நோயாளியும் திசுவும் கேள்வியும் வைத்திருக்கும் டாக்டர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை ஒரே மேசையில் உட்கார முடியாதா? உங்களில் விருப்பமுள்ள நாலு பேருக்கு வாரத்தில் ஒரு நாள் தியேட்டரிலிருந்து விடுப்புக் கொடுக்கச் சொல்லி உங்கள் சங்கங்கள் அரசிடம் கேட்டால், எங்களைப் போன்ற குடும்பங்கள் கையெழுத்துப் போட வருவோம். அறுவைக்கு முன்பே சொத்தைப் பல்லையும் வாயின் சீழையும் பார்க்க ஒரு பல் டாக்டரை அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். போயிலையை நிறுத்தச் சொல்லும்போது, புற்று வரும் என்பதோடு நிறுத்தாமல், வந்த பிறகும் அது தூங்குகிறதை எழுப்பக்கூடும் என்று சொல்லுங்கள். அம்மா அறுவைக்குப் பிறகும் ரகசியமாகப் போட்டார். வந்ததுதான் வந்துவிட்டதே, இனி என்ன என்று நினைத்திருப்பார்.

கத்தி பட்டால் பரவுமா என்று யாராவது கேட்டால் சிரிக்காமல், கோபப்படாமல், ஒரு நிமிஷம் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். நான் அம்மாவிடம் அதைச் செய்யவில்லை. "அதெல்லாம் சும்மாம்மா" என்று வாயை அடைத்துவிட்டேன். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவர் கண்ணில் அந்தப் பயம் இருந்தது.

அம்மாவின் தாள்கள் முழுவதும் ஒரு மஞ்சப்பையில் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனைத் தாள்களில் மை மங்கிக்கொண்டு வருகிறது, அதனால் போன மாதம் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன். மார்க் நோட்டின் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து. உங்களில் யார் இந்தக் கணக்கை ஆரம்பித்தாலும் முதல் பெயராக அம்மாவை எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. பையை நானே கொண்டு வந்து தருகிறேன்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்
உசிலம்பட்டி